பல் மருத்துவக் கல்லூரியில் மாணவர்களிடம் சிகிச்சை பெறப் போகிறீர்களா? முழுமையான வழிகாட்டி

என் அம்மாவுக்கு மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டுக்கும் பல்செட் செய்து கொடுத்தது பிடிஎஸ், அதாவது பல் மருத்துவப் பட்டப்படிப்பு, இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்த ஒரு பெண். ஆறு தடவை வந்தால் போதும் என்றார்கள், எட்டு தடவை ஆனது. ஒவ்வொரு தடவையும் அரை நாள் போய்விடும். ஆனால் அந்த செட்டோடு அம்மா இன்றைக்கும் முறுக்கு, சீடை தவிர எல்லாமே சாப்பிடுகிறார். அதே கல்லூரிக் கட்டடத்தில் வேறொரு மாடியில் எனக்கு ஆரம்பித்த வேர் சிகிச்சையோ (ரூட் கெனால்) பாதியில் நின்றது. பார்த்துக்கொண்டிருந்த மாணவர் வேறு துறைக்குப் போய்விட்டார், நான் இரண்டு மாதம் தற்காலிக அடைப்போடு சுற்றினேன், பல் திரும்ப வீங்கியது.

இரண்டு மாணவர்களின் கையும் நல்ல கைதான். அம்மாவுக்கு அந்தப் பெண் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், நாங்களும் கேட்டோம். என் விஷயத்தில் நான் எதையும் கேட்கவில்லை. கல்லூரி மருத்துவமனைக்குப் போய்த் திருப்தியாகத் திரும்புகிறவர்களுக்கும் இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று சொல்கிறவர்களுக்கும் இடையில் பெரும்பாலும் இவ்வளவுதான் வித்தியாசம் இருக்கிறது. அதனால், முதல் தடவை போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வெள்ளைக் கோட்டு போட்ட எல்லோரையும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம், அதில் தப்பில்லை. ஆனால் அங்கே நான்கு வகையானவர்கள் இருப்பார்கள். பிடிஎஸ் படிப்பில் முதல் இரண்டு ஆண்டும் மாணவர்கள் நோயாளியிடம் வேலை செய்வதில்லை. மெழுகில் பல் செதுக்குவது, பொம்மைத் தலையில் மாட்டிய செயற்கைப் பற்களைக் குடைந்து அடைப்பது என்று அதிலேயே போய்விடும். மூன்றாம் ஆண்டில்தான் உங்கள் வாயைத் தொட ஆரம்பிக்கிறார்கள். நான்காவது, அதாவது இறுதியாண்டில் வேலை கூடும். நான்கு ஆண்டும் முடித்துத் தேர்ச்சி பெற்ற பிறகு ஓராண்டு கட்டாயப் பயிற்சியில் இருப்பவர்களை ஹவுஸ் சர்ஜன் என்பார்கள். அதற்கும் மேலே எம்டிஎஸ் படிப்பவர்கள், பேச்சுவழக்கில் பிஜி. இவர்கள் ஏற்கெனவே பல் டாக்டர்கள், ஒரு துறையில் மூன்று ஆண்டு சிறப்புப் படிப்பு படிக்கிறார்கள். இவர்கள் எல்லோரையும் மேற்பார்ப்பவர்கள் ஆசிரியர்கள். மாணவர்கள் வாயில் அவர்கள் "ஸ்டாஃப்", இல்லையென்றால் "சார்", "மேடம்".

சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953-லிருந்து இருக்கிறது, புதுக்கோட்டையில் 2023-ல் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். மற்றபடி தமிழ்நாட்டில் இருப்பவற்றில் பெரும்பாலானவை தனியார் கல்லூரிகள். கட்டணம் இடத்துக்கு இடம் மாறும், வேலை நடக்கும் முறை எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மாணவருக்கும் இத்தனை பல் எடுக்க வேண்டும், இத்தனை அடைக்க வேண்டும், இத்தனை பல்செட் முடிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. முடித்தால்தான் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து விழும், பரீட்சை எழுத முடியும். அதனால் உங்களுக்கு அவர் தேவைப்படுவதைப் போலவே அவருக்கும் நீங்கள் தேவை. அவசரப்படுத்தாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவர் உங்களைப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதன் மறுபக்கம், அவருடைய கணக்கில் மிச்சமிருக்கிற வேலையும் உங்கள் வாய்க்குத் தேவையான வேலையும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அதற்கு என்ன செய்வது என்பதைக் கீழே சொல்கிறேன்.

போகலாமா, வேண்டாமா

கன்னமோ தாடைக்கு அடியிலோ வீங்கி, காய்ச்சல் அடித்து, வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ சிரமமாக இருந்தால் ஓபி வரிசையில் நிற்காதீர்கள். நேராக வாய் அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், கல்லூரி மூடியிருக்கும் நேரம் என்றால் பெரிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. மூச்சு திணற ஆரம்பித்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

அவசரம் இல்லாதவர்கள் தங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: வார நாளில் அரை நாள், அதுவும் பல தடவை, என்னால் வர முடியுமா? பணத்தை மிச்சம் பிடித்துக்கொண்டு நேரத்தைக் கொடுக்கிற இடம் இது. தினக்கூலிக்குப் போகிறவருக்கு எட்டு அரை நாள் என்பது சின்ன விஷயமில்லை. முடியாது என்று தெரிந்தால் பல் எடுப்பது, சுத்தம் செய்வது போல ஒரே நாளில் முடிகிற வேலைக்கு மட்டும் போங்கள். வேர் சிகிச்சையை ஆரம்பித்துப் பாதியில் விடுவதைவிட ஆரம்பிக்காமல் இருந்து, தேதி தோதுப்படும்போது போவது நல்லது.

வீட்டிலிருந்து கிளம்பும்போது

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஊசி போடுவார்களே என்று காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் நிறையப் பேர். பல்லுக்குப் போடுவது அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்கிற ஊசி, அதற்குப் பட்டினி கிடக்கத் தேவையில்லை. சர்க்கரை நோயாளி மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வந்து மூன்று மணி நேரம் காத்திருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம்தான் வரும்.

தினமும் போடுகிற மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு பையில் எடுத்துக்கொள்ளுங்கள், பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. முக்கியமாக, ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்கான மாத்திரை அல்லது ஊசி, இதயத்தில் வால்வு மாற்றியது, கர்ப்பம், ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனது, இவற்றைக் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டும். பல் எடுக்கப் போகிறோம் என்று இதய மாத்திரையை நீங்களாகவே நிறுத்தவும் கூடாது. அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் இதய டாக்டரும் இங்கே இருக்கிற ஆசிரியரும்தான்.

ஓபி சீட்டு முதல் சிகிச்சைத் திட்டம் வரை

ஓபி சீட்டு போட்டதும் முதலில் நோயறிதல் பிரிவுக்கு அனுப்புவார்கள். ஒரு மாணவர் உட்கார்ந்து என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, எது சாப்பிட்டால் கூசுகிறது, வீட்டில் யாருக்குச் சர்க்கரை என்று எல்லாம் கேட்டு எழுதுவார். கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று வந்தால் முப்பத்திரண்டு பல்லையும் எண்ணுவார். அரை மணி நேரம் கழித்து ஆசிரியர் வந்து அதே கேள்விகளைத் திரும்பக் கேட்பார். "இப்பத்தானே எல்லாம் சொன்னேன்" என்று கோபம் வருவது இந்த இடத்தில்தான். கோபப்படாதீர்கள். மாணவர் எழுதியது சரியா என்று அவர் உங்களிடமே சோதித்துப் பார்க்கிறார். என் அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை மாற்றியிருந்த விஷயம் அந்த இரண்டாவது சுற்றில்தான் வெளியே வந்தது.

எக்ஸ்ரே எடுத்த பிறகு, எந்தப் பல்லுக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு திட்டம் எழுதி ஆசிரியர் கையெழுத்துப் போட்டு, அந்தந்தத் துறைக்கு அனுப்புவார்கள். இந்தச் சீட்டை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கணக்குப் பிரச்சினைக்குப் பதில் இதில் இருக்கிறது. பிறகு யாராவது ஒரு மாணவர் "இந்தப் பல்லையும் சேர்த்துச் செய்துவிடலாம்" என்றால், இது முதலில் எழுதின திட்டத்தில் இருக்கிறதா, இல்லையென்றால் சார் பார்த்துச் சொன்னாரா என்று கேளுங்கள். தேவையான வேலை என்றால் ஆசிரியர் வந்து எக்ஸ்ரேயைக் காட்டி விளக்குவார்.

சேரில் சாய்வதற்கு முன் கேட்க வேண்டியவை

ஐந்தே கேள்விகள். நீங்கள் எந்த வருடம் படிக்கிறீர்கள்? உங்களைப் பார்த்துக்கொள்கிற ஸ்டாஃப் யார்? எத்தனை தடவை வர வேண்டும்? மொத்தம் எவ்வளவு ஆகும்? முடிவதற்குள் நீங்கள் வேறு துறைக்குப் போய்விட்டால் என்னை யார் பார்ப்பார்கள்?

கடைசிக் கேள்வியை நான் கேட்காமல் விட்டேன். மாணவர்கள் சில வாரங்களுக்கு ஒருமுறை துறை மாறிக்கொண்டே இருப்பார்கள், இடையில் பரீட்சை, விடுமுறை வேறு. இன்றைக்கு உங்கள் பல்லைத் திறந்தவர் அடுத்த மாதம் குழந்தைகள் பிரிவில் இருப்பார்.

இதையெல்லாம் கேட்டால் மரியாதைக் குறைவாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். "தம்பி, தப்பா நினைச்சுக்காதப்பா" என்று ஆரம்பித்தால் போதும், நல்ல மாணவர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வார். மாணவர் செய்ய வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. அப்போது பிஜியிடமோ ஆசிரியரிடமோ மாற்றுவார்கள், காத்திருக்கும் நாள் கூடலாம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். தமிழில் சொல்லச் சொல்லி, புரிந்த பிறகு போடுங்கள். நோயாளிக்குப் புரியும்படி விளக்கி, செய்யப்போகும் அந்தச் சிகிச்சைக்கென்றே ஒப்புதல் வாங்க வேண்டும் என்று சமீரா கோலி வழக்கில் 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெண்கள், தங்களைப் பரிசோதிப்பவர் ஆணாக இருந்தால், கூட ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். படிப்புக்காகப் படம் எடுக்கிறேன் என்றால் முகம் தெரியுமா என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள்.

சிகிச்சை நடக்கும்போது

ஆரம்பிப்பதற்கு முன்பே ஒரு சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள், இடது கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று. வாய் நிறையக் கருவி இருக்கும்போது வாயால் சொல்ல முடியாது.

பல் எடுப்பதாக இருந்தால், ஊசி போடும் முன் ஒரு கண்ணாடி கேட்டு, எடுக்க வேண்டிய பல்லை விரலால் நீங்களே தொட்டுக் காட்டுங்கள். மாணவரும் ஆசிரியரும் "ஆமாம், இதுதான்" என்று சொல்லட்டும். கீழ்ப் பல்லுக்கு ஊசி போட்டால் சில நிமிடங்களில் அந்தப் பக்க உதடு தடித்துப்போனது போல இருக்கும். அப்படி ஆகவில்லை என்றால் மரக்கவில்லை என்று சொல்லுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள். சீழ் பிடித்த இடத்தில் மருந்து சரியாகப் பிடிக்காது, அது மாணவரின் குறையாக இருக்க வேண்டியதில்லை. எடுத்த பிறகு பஞ்சை அரை மணி நேரத்துக்கு மேல் கடித்திருக்கச் சொல்வார்கள். அன்றைக்குத் துப்பாமல், வாய் கொப்பளிக்காமல் இருந்தால்தான் ரத்தம் உறைந்து நிற்கும்.

வேர் சிகிச்சையில் எக்ஸ்ரே பல தடவை எடுப்பார்கள். வேரின் நீளம் அளக்க ஒன்று, அடைப்பதற்கு முன் ஒன்று, அடைத்த பிறகு ஒன்று. ஒவ்வொன்றையும் ஆசிரியரிடம் காட்டி, சரி என்று சொன்ன பிறகுதான் அடுத்த வேலை. அதனால்தான் மாணவர் அடிக்கடி எழுந்து போய்விட்டு வருவார். வேரை அடைத்ததோடு முடிந்துவிட்டது என்று வராமல் இருந்துவிடாதீர்கள். மேலே நிரந்தர அடைப்பு வைக்க வேண்டும், கடைவாய்ப் பல்லாக இருந்தால் பெரும்பாலும் உறையும் (கேப்) போட வேண்டும், இல்லையென்றால் உடையும்.

பல்செட் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், முதியவர்கள் அதிகம் வருவதும் அதிகம் மனம் நொந்து போவதும் இதற்குத்தான். முதல் நாள் ஈறுக்கு அளவு எடுப்பார்கள். இரண்டாவது முறை அந்த அளவை வைத்து உங்களுக்கென்றே செய்த தட்டில் இன்னும் நுணுக்கமாக எடுப்பார்கள். குமட்டினால் தலையை முன்னால் சாய்த்து மூக்கால் மூச்சு விடுங்கள், அடங்கிவிடும். மூன்றாவது முறை மெழுகுக் கட்டையை வைத்து மேல்தாடையும் கீழ்த்தாடையும் எந்த உயரத்தில், எந்த இடத்தில் சேர்கின்றன என்று பார்ப்பார்கள். நான்காவது முறை மெழுகில் பற்களை அடுக்கி வாயில் வைத்துப் பார்ப்பார்கள். நீங்கள் வாய் திறந்து கருத்துச் சொல்ல வேண்டிய நாள் அதுதான். வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், பல் இருந்த காலத்துப் படம் இருந்தால் எடுத்துப் போங்கள். கண்ணாடியில் பாருங்கள், சிரித்துப் பாருங்கள், நாலு வார்த்தை பேசிப் பாருங்கள். பல் பெரிதாக இருக்கிறது, உதடு தூக்கிக்கொண்டு நிற்கிறது என்றால் அன்றைக்கே சொல்லுங்கள். மெழுகு அக்ரிலிக்காக, அதாவது கெட்டியான பிளாஸ்டிக்காக மாறிய பிறகு திருத்துவது கஷ்டம்.

அம்மாவுக்கு இங்கேதான் தடைபட்டது. மேடம் வந்து பார்த்து, கடிக்கும்போது தாடை ஒரு பக்கமாக ஒதுங்குகிறது என்று மாணவியிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு "என்னடா சொல்றாங்க?" என்றார். நான் கேட்டேன், மேடம் தமிழில் பொறுமையாகச் சொன்னார். தாடை சேர்க்கை திரும்ப எடுக்க வேண்டும், அடுத்த வாரம் வாருங்கள். அடுத்த வாரமும் கையெழுத்து விழவில்லை, இன்னொரு முறை எடுத்தார்கள். ஆறு எட்டானது இப்படித்தான். அன்றைக்கு எரிச்சல் வந்தது உண்மை. ஆனால் யோசித்துப் பார்த்தால், சரியில்லாத ஒன்றை அம்மா வாயில் மாட்டி அனுப்ப அந்த ஆசிரியர் சம்மதிக்கவில்லை. மேற்பார்வை என்றால் அதுதானே. திரும்ப வரச் சொல்கிறார்கள் என்று நாம் குறைப்பட்டுக்கொள்கிற அந்த நாட்கள்தான் பெரும்பாலும் வேலை சரி செய்யப்படும் நாட்கள். யாருமே வந்து பார்க்காமல், எதையுமே திருத்தாமல் மாணவர் மட்டும் விறுவிறுவென்று முடித்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்படி நடந்தால் "சாரை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க தம்பி" என்று கேளுங்கள். கிளம்பும் முன் சீட்டில் அன்றைய வேலைக்கு நேராக ஆசிரியரின் கையெழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள்.

செட் கொடுத்த மறுநாளே திரும்ப வரச் சொல்வார்கள். ஈறு புண்ணாகியிருந்தால் அந்த இடத்தைப் பார்த்துத் தேய்த்துக் கொடுப்பார்கள். வலிக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டுப் போனால் எங்கே அழுத்துகிறது என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியாது, போகும் அன்றைக்குச் சில மணி நேரமாவது போட்டிருங்கள். கீழ்த்தாடை எலும்பு ரொம்பத் தேய்ந்தவர்களுக்குக் கீழ் செட் கொஞ்சம் மிதக்கத்தான் செய்யும், யார் செய்து கொடுத்தாலும்.

குறை இருந்தால்

நியாயமான குறைகளும் உண்டு. ஆசிரியர் வருவதற்காக வாயில் பஞ்சோடு முக்கால் மணி நேரம் மல்லாந்து கிடக்க வைப்பது சரியில்லை. சேரை நிமிர்த்தச் சொல்லுங்கள், எவ்வளவு நேரமாகும் என்று கேளுங்கள். மாணவர்கள் உங்களைக் காது கேட்க "கேஸ்" என்று பேசிக்கொள்வதும் அப்படித்தான். "என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கம்மா" என்று சொன்னால் அவர்களுக்கே உறைக்கும். வலி குறையவில்லை, கையாள்வது முரட்டுத்தனமாக இருக்கிறது என்றால் முதலில் மாணவரிடம், பிறகு ஆசிரியரிடம், அப்புறம் துறைத் தலைவரிடம். பாதியில் வராமல் நின்றுவிடுவது மட்டும் வேண்டாம். நஷ்டம் உங்கள் பல்லுக்குத்தான்.

என்னைப் போல மாணவர் மாறிப்போய் நடுவில் நிற்கிறவர்கள் அவருடைய போனுக்கே திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருக்காமல், ஓபி எண்ணோடு நேராக அந்தத் துறைக்குப் போய் ஆசிரியரைப் பாருங்கள். நீங்கள் அந்தத் துறையின் நோயாளி, அந்த மாணவரின் நோயாளி மட்டுமில்லை. நான் இதைத் தெரிந்துகொண்டு போனபோது ஒரு பிஜியிடம் ஒப்படைத்தார்கள், மூன்று வாரத்தில் முடிந்தது.

நல்லதாக இருந்தால்

அதையும் சொல்லுங்கள், விவரமாக. "நல்லா பார்த்தாங்க" என்பதைவிட "ஊசி போடும் முன் ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுப் போட்டார், வலித்தபோது உடனே நிறுத்தினார்" என்பது ஆசிரியருக்கும் மாணவருக்கும் பயன்படும். அடுத்த நோயாளியிடமும் அதையே செய்ய வேண்டும் என்று அவருக்கு அதிலிருந்து தெரியும். கருத்துப் படிவத்தை மாணவர் முன்னால் நிரப்பச் சொன்னால் மனதில் பட்டதை எழுத முடியாது, வெளியே கொண்டுபோய் நிரப்பிப் போடுங்கள்.

மாணவருக்குப் பணம் கொடுக்க வேண்டாம், அவரிடம் கேட்கவும் வேண்டாம். நோயாளி வராமல் போனால் தன் கணக்கு முடியாது என்ற பயத்தில் பஸ் செலவையும் சில சமயம் சிகிச்சைக் கட்டணத்தையும் தன் கையிலிருந்து போடுகிற மாணவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயத்தைப் பயன்படுத்திக்கொள்வது சரியில்லை. வர முடியாத நாளில் முந்தின நாளே ஒரு போன் செய்தால் போதும், அவர் வேறு ஒருவரை வரச் சொல்லிக்கொள்வார்.

பல்செட் போட்டவர்கள் இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வையுங்கள், ஆண்டுக்கு ஒரு தடவையாவது பழைய ஓபி எண்ணோடு போய்க் காட்டுங்கள். நாங்கள் போன தடவை போனபோது அந்தப் பெண் ஹவுஸ் சர்ஜன் ஆகியிருந்தாள், ஓடி வந்து "பாட்டி, வாயைத் திறங்க" என்றாள். அம்மா திறந்துகொண்டே, கீழ் செட்டில் இடது பக்கம் லேசாக உரசுகிறது கண்ணு, பார் என்றார்.